கூடுதுறையில் ஒரு சிந்தனை

பவானி என்றவுடன் நம் இல்லங்களில் முதலில் நினைவுக்கு வருவது ஜமுக்காளந்தான். நிக்காஹ் மஜ்லிஸாயினும் மவ்லிது மஜ்லிஸாயினும், அகன்ற வண்ணப் பட்டைகள் ஓடும் அந்த விரிப்பின் மீது அமர்ந்து எழாத தமிழ் முஸ்லிம் குடும்பம் இருத்தல் அரிது. ஆயினும் அதை நெய்து தந்த ஊரைப் பற்றி நாம் அறிந்திருப்பது சொற்பமே.

ஈரோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அவ்வூர். குடகிலே பிறந்து மேட்டூர் வழியாக இறங்கி வரும் காவிரியும், நீலகிரியின் மேற்குச் சரிவில் தோன்றிக் கேரளத்தைத் தொட்டுத் திரும்பி வரும் பவானியும் அங்கே ஒன்று கூடுகின்றன. அந்த இடத்தைக் கூடுதுறை என்பர். இவ்விரண்டுடன் கண்ணுக்குப் புலப்படாத மூன்றாவது ஆறொன்றும் அடியில் வந்து கலக்கிறது என்பது அவ்வூர் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கி வரும் நம்பிக்கை.

அந்நம்பிக்கையை ஆராய்வது நம் நோக்கமன்று. ஆனால் அது நமக்கு ஓர் உவமையைத் தருகிறது. அறிவுலகில் புதியதொன்று தோன்றும்போது இரண்டு நீரோட்டங்கள் வெளிப்படையாகத் தெரிகின்றன: ஒன்று முன்னோர் விட்டுச் சென்ற அறிவு, மற்றொன்று ஒருவருடைய சொந்த உழைப்பு. மூன்றாவதாக ஒன்று உண்டு. அது வெளியே தெரிவதில்லை. உழைப்பவரை அடையாளம் கண்டு, அவருக்குக் கை கொடுத்த வேறொருவரின் உள்ளமே அது. கூடுதுறையிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவுக்குள்ளேயே பொறியியல், கணிதம், அறிவியல் ஆகிய மூன்று துறைகளிலும் உலகறிந்த ஆக்கங்கள் விளைந்திருக்கின்றன. அவற்றின் வரலாற்றில் இந்த மூன்றாவது ஆற்றைத் தேடிப் பார்ப்போம்.

வளைந்து சென்ற வாய்க்கால்

பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னால், அதன் குறுக்கே உயரம் குறைந்த பழைய அணையொன்று நிற்கிறது. அதுவே காலிங்கராயன் அணைக்கட்டு. கொங்குப் பாண்டியர் ஆட்சியில் அதிகாரியாக விளங்கிய காலிங்கராயன் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைக் கட்டினார் என்றும், பணி 1283ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது என்றும் கூறுவர். அணையிலிருந்து புறப்படும் வாய்க்கால் ஈரோட்டைக் கடந்து கொடுமுடிப் பக்கம் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி, 15,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற்கு நீரூட்டுகிறது. ஈரோட்டு மஞ்சள் பெற்ற புகழில் இவ்வாய்க்காலின் பங்கு சிறிதன்று.

இதைப் பற்றிச் செவிவழிக் கதைகள் பல. விருந்துக்குச் சென்ற இடத்தில், வறண்ட நாட்டிலிருந்து வந்தவருக்குப் பழைய அரிசிக்கும் புதிய அரிசிக்கும் வேற்றுமை தெரியுமா என்று சமையற்காரன் இகழ்ந்தானாம். அந்தச் சொல் தைத்ததால் தம் நிலத்திலும் நெல் விளைவிப்பேன் என்று காலிங்கராயன் உறுதி பூண்டாராம். வாய்க்காலை எவ்வழியே வெட்டுவது என்று தெரியாமல் திகைத்தபோது, ஒரு பாம்பு வளைந்து வளைந்து முன்னே சென்று வழி காட்டியதாம்.

பாம்புக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாகாது. அதனுள்ளே பொறியியல் உண்மை ஒன்று பொதிந்து கிடக்கிறது. வாய்க்கால் நேராக ஓடினால் மேடு குறுக்கிடும்; நீர் ஏறாது. பள்ளத்தில் இறங்கினால் நீர் விரைந்தோடிக் கரையை அரிக்கும். மேலும், வயல்கள் வாய்க்காலைவிட உயரத்தில் நின்றுவிடும். சாய்வு மிகக் குறைந்தாலோ வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்துவிடும். ஆதலால் நிலத்தின் சம உயரக் கோட்டை ஒட்டி, மிகச் சிறிய சாய்வுடன், வளைந்து வளைந்து செல்வதே நீருக்கு ஏற்ற வழி. அளவைக் கருவிகள் பெருகாத காலத்தில், 90 கிலோமீட்டர் நீளத்திற்கு அந்தச் சாய்வைக் கணித்து வெட்டியவர்கள் பாமரர்களாக இருந்திருக்க முடியாது. அவர்களுடைய பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை; பாம்பின் கதையை மட்டும் மக்கள் நினைவில் வைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் ஆங்கிலப் பொறியாளர்கள் தமிழரின் 'அணைக்கட்டு' என்ற சொல்லையே 'அனிகட்' என்று தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர் என்பதும் நாம் கருதத்தக்கது.

விடுதலைக்குப் பின், 1948இல் தொடங்கி 1955இல் நிறைவுற்ற பவானிசாகர் அணை, அதே ஆற்றை மேலே மோயாறு கலக்கும் இடத்தில் தடுத்தது. 105 அடி நீர்மட்டம் கொண்ட அந்த நீர்த்தேக்கத்திலிருந்து இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் புதிதாகப் பாசனம் பெற்றது. ஏழு நூற்றாண்டு வயதான காலிங்கராயன் வாய்க்காலுக்கும் அங்கிருந்தே நீர் திறந்துவிடப்படுகிறது. புதியது வந்து பழையதைத் தள்ளிவிடவில்லை; அதற்கு உயிரூட்டியது.

ஆற்றைத் தடுக்க எண்ணிய அறிஞர்கள் அனைவரும் வெற்றி கண்டனர் என்று சொல்வதற்கில்லை. பஸ்ராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்த இப்னுல் ஹைதம், நைல் நதியை அணை கட்டி முறைப்படுத்தலாம் என்று கூறினார் என்றும், அதைக் கேட்ட ஃபாத்திமியக் கலீஃபா ஹாக்கிம் அவரை எகிப்துக்கு வரவழைத்தார் என்றும் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அவர் நதிக்கரை வழியே தெற்கே அஸ்வான் பக்கம் வரை சென்றார். வழியெங்கும் பண்டை எகிப்தியர் எழுப்பிய மாபெரும் கட்டடங்களைக் கண்டார். இத்தகைய வல்லுநர்கள் செய்யாமல் விட்டதைத் தம் காலத்துக் கருவிகளால் செய்ய இயலாது என்று உணர்ந்து, அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பின்னர் மன்னனின் சினத்திற்கு அஞ்சிப் பித்தர் போல் நடித்து வீட்டினுள் ஒடுங்கினாராம். ஆனால் அவருடைய பேனா ஒடுங்கவில்லை. கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று சோதனைகளின் துணையால் நிறுவிய 'கிதாபுல் மனாழிர்' அவர் படைத்ததே. அஸ்வானிலோ, 1970ஆம் ஆண்டில்தான் உயர் அணை நிறைவு பெற்றது.

முடியாததை முடியாது என்று கண்டு சொல்வதும் ஆராய்ச்சியே. தோற்றவரைப் பித்தர் வேடம் பூணச் செய்யும் சமுதாயம், அடுத்த நூலை இழக்கும் அபாயத்தில் நிற்கிறது. இந்த எண்ணத்தோடு, காலிங்கராயன் வாய்க்காலின் வழியே ஈரோட்டுக்குச் செல்வோம்.

விடை கிடைத்த கடிதம்

ஈரோட்டில், தம் தாயாரின் பெற்றோர் இல்லத்தில், 1887 டிசம்பர் 22ஆம் நாள் பிறந்தவர் சீனிவாச இராமானுஜன். வளர்ந்ததும் கற்றதும் கும்பகோணத்தில். கணிதத்தில் மூழ்கியதால் மற்றப் பாடங்களில் தவறினார். கல்லூரி உதவித்தொகையை இழந்தார். பின்பு சென்னையில் தேர்வு எழுதியும் தேறவில்லை. பட்டமற்ற அந்த இளைஞரிடம் இருந்தவை சூத்திரங்கள் நிறைந்த குறிப்பேடுகள் மட்டுமே.

அவற்றைப் புரட்டிப் பார்க்கச் சிலர் முன்வந்தனர். நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் சிறிது காலம் தம் பணத்திலேயே மாதந்தோறும் உதவினார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் பணி கிடைத்தது, அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் பயின்றவர், இராமானுஜனை ஊக்கினார். 1913 ஜனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். அதற்கு முன் அவர் எழுதிய வேறு அறிஞர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. ஹார்டி அதைத் தூக்கி எறியாமல், தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து வரிவரியாகப் படித்தார், விடை எழுதினார். 1914இல் இராமானுஜன் கப்பலேறினார்; 1918இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்; 1920 ஏப்ரல் 26ஆம் நாள், தம் 32ஆம் வயதில், மறைந்தார்.

அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை எத்தகையது என்பதற்கு எளிய சான்றொன்று கூறுவோம். நான்கு பேரீச்சம் பழங்களை எத்தனை விதமாகக் குவியல்களாகப் பிரிக்கலாம்? நான்கும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனியாக. ஆக ஐந்து விதம். பத்துப் பழங்களானால் 42 விதம். ஐம்பதானால் 2,04,226. நூறானால் 19,05,69,292. சிறு குழந்தைக்கும் விளங்கும் இக்கேள்விக்கு, எண் பெருகப் பெருக விடை காண்பது எளிதாக இருக்கவில்லை. 1918இல் ஹார்டியும் இராமானுஜனும் வெளியிட்ட சூத்திரம் அதற்கு வழி திறந்தது. குவியல்களை எண்ணுவதால் யாருக்கு என்ன பயன் என்று அன்று கேட்டிருப்பார்கள். அணுக்கருவின் ஆற்றல் நிலைகளை எண்ண முற்பட்ட இயற்பியலாருக்குப் பின்னாளில் அதே எண்ணிக்கை தேவைப்பட்டது.

இராமானுஜன் தம் இறுதி நாட்களில் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் பல்லாண்டுக் காலம் கேட்பாரற்றுக் கிடந்தன. 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார். போலித் தீட்டாச் சார்புகள் என்று இராமானுஜன் குறித்து வைத்த விந்தைக்கு நிறைவான விளக்கம் 2002இல்தான், ஸ்வெகர்ஸ் என்ற டச்சு இளைஞரின் ஆய்வேட்டில் கிடைத்தது. அதன்பின் விண்வெளிக் கருந்துளைகளை ஆராய்வோரும் அச்சார்புகளைக் கையாளத் தொடங்கினர்.

இவ்விடத்தில் பழைய பயணம் ஒன்றையும் நினைவு கூர்வோம். இந்தியாவின் பத்து இலக்கங்களையும் அவற்றைக் கொண்டு கணக்கிடும் முறையையும் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்து விளக்கி நூல் செய்தவர் அல்-குவாரிஸ்மி. அது பின்னர் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. அவருடைய மற்றொரு நூலின் தலைப்பிலிருந்த 'அல்-ஜபர்' என்ற சொல்லே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. அவருடைய பெயரே இன்று கணிப்பொறித் துறையார் நாள்தோறும் உச்சரிக்கும் 'அல்காரிதம்' ஆயிற்று. கிழக்கில் கண்டதை மேற்கு ஏற்றுக்கொள்ள, இடையில் ஒருவர் படித்துப் பொருள் கூறினார். அன்று பக்தாதிலிருந்து அல்-குவாரிஸ்மி செய்ததை, இராமானுஜனுக்காக ஹார்டி செய்தார் எனலாம்.

கரும்பும் நாணலும்

எண்கள் சென்ற வழியே கரும்பும் சென்றது. நம் நாட்டுச் 'சர்க்கரா' பாரசீகத்தில் 'ஷக்கர்' என்றும், அரபியில் 'சுக்கர்' என்றும் மாறி, ஐரோப்பியர் நாவில் 'சுகர்' ஆகியது. அரபியர் அதை எகிப்திலும் சிசிலியிலும் ஸ்பெயினிலும் பயிரிட்டனர். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கரும்பின் பெயரைத் தந்த இந்த நாடே ஜாவாவிலிருந்து சர்க்கரை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. வட இந்தியாவில் விளைந்த கரும்பு விரற்கனம் உள்ள மெல்லிய தண்டு; சாறு குறைவு. தெற்கில் விளைந்த பருத்த கரும்போ வடக்கின் குளிருக்கும் நோய்க்கும் தாங்காது.

கரும்பைக் கரணை வெட்டி நடுவது உழவர் வழக்கம். கரணையை நட்டால் தாய்க்கரும்பே மீண்டும் வளரும், புதியதொன்று வராது. பூவில் உண்டாகும் பஞ்சு போன்ற நுண்விதையிலிருந்து முளைப்பதே பெற்றோரினின்று வேறுபட்ட புதிய கரும்பு. வட நாட்டில் கரும்பு பூத்து விதை கொள்வது அரிது. கோயம்புத்தூரின் தட்பவெப்பத்திலோ நன்கு பூத்தது. ஆகவே 1912இல் அங்கே கரும்பு இனப்பெருக்கு நிலையம் தோன்றியது. அதன் தொடக்ககால அறிஞர் டாக்டர் பார்பர். அவருடன் உழைத்துப் பின்னர் அவருடைய பொறுப்பை ஏற்றவர் தி. சு. வெங்கட்ராமன்.

அவர்கள் இனிப்பு மிகுந்த 'வெள்ளை' என்னும் பருத்த கரும்பை எடுத்துக்கொண்டு, அதற்குத் துணையாகத் தேர்ந்தது எதை? ஆற்றங்கரையில் தானே முளைத்து, எவரும் சீந்தாமல் கிடக்கும் நாணலை! நாணலில் இனிப்பு இல்லை. ஆனால் குளிர், வறட்சி, நோய் யாவற்றையும் தாங்கும் உரம் உண்டு. இவ்விரண்டின் கலப்பில் பிறந்த 'கோ 205' 1918இல் உழவர் கைக்கு வந்தது. பஞ்சாபில் அது பழைய கரும்பைவிடப் பெரிதும் மிகுந்த விளைச்சல் கண்டு பரவிற்று. 'கோ' என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து. அதன்பின் வந்த 'கோ' கரும்புகள் இந்தியா முழுவதும் பரவிப் பிற நாட்டு வயல்களிலும் வேரூன்றின. அவற்றின் பலத்தாலும், 1932ஆம் ஆண்டின் சர்க்கரைத் தொழிற் பாதுகாப்புச் சட்டத்தாலும், ஜாவாச் சர்க்கரையை நம்பியிருந்த நிலை சில ஆண்டுகளில் மாறிற்று.

அந்நிலையத்தில் 1934 முதல் 1939 வரை ஒரு பெண்மணி பணியாற்றினார். தலச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னையில் கற்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள் அவர். கரும்பையும் அதன் உறவான புல்லினங்களையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அவற்றின் உயிரணுக்களிலுள்ள குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்ற அறிஞருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் கணக்கைத் தொகுத்த பெருநூலை 1945இல் வெளியிட்டார். 1951இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பினார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1984இல் காலமானார். பெண் மக்கள் பள்ளிப்படிப்பை முடிப்பதே அரிதாக இருந்த காலத்தில், அவருக்குக் கல்விக் கதவைத் திறந்துவிட்டது அவருடைய குடும்பம் என்பதை நாம் மறத்தலாகாது.

கரும்பின் கதை முடிந்துவிடவில்லை. அதே மரபில் வந்த 'கோ 0238' என்னும் கரும்பு 2009இல் வெளியாகி, உத்தரப் பிரதேசத்தின் கரும்பு வயல்களில் பெரும்பகுதியை நிறைத்தது. ஆனால் அண்மை ஆண்டுகளில் செவ்வழுகல் நோய் அதைத் தாக்கியது. உழவர்கள் வேறு இரகங்களை நாட வேண்டியதாயிற்று. ஒரே கரும்பை எங்கும் நட்டால் ஒரே நோய் எங்கும் பரவும். எனவே, நோய் தாங்கும் புதிய உரத்தைத் தேடி, ஆராய்ச்சியாளர் மீண்டும் நாணலிடமும் அதன் இனத்தாரிடமுமே செல்கின்றனர். ஆராய்ச்சிக்கு இறுதி வெற்றி என்று ஒன்று இல்லை, தொடர்ச்சிதான் உண்டு.

நம் வீட்டு முற்றத்தில்

இம்மூன்று வரலாறுகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால் நமக்குக் கிட்டுவது யாது? மேட்டையும் பள்ளத்தையும் பொறுமையோடு அளந்தவர்கள் ஆற்றுக்கு வழி கண்டார்கள். தேர்வில் தவறிய எழுத்தரின் கடிதத்தைப் படிக்க ஒருவர் நேரம் ஒதுக்கினார். புல்லென்று ஒதுக்கப்பட்ட நாணலில் ஒருவர் உரத்தைக் கண்டார். வெற்றி பெற்ற பின் எல்லாரும் போற்றுவர். அதற்கு முன்னரே மதித்தவர் யார் என்பதே கேள்வி.

இதற்கு நம் சமுதாயத்திலேயே சான்று உண்டு. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் விமானப் பொறியியல் பயில இடம் பெற்றபோது, சேர்வதற்கு வேண்டிய ஆயிரம் ரூபாய் அளவிலான பணம் வீட்டில் இல்லை. அவருடைய தமக்கை சுஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் திரட்டித் தந்தார். கலாம் திட்ட இயக்குநராக இருந்து செலுத்திய எஸ்.எல்.வி. 3 ஏவுகலம், 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் முதல் முயற்சியில் கடலில் விழுந்தது. அப்போது பத்திரிகையாளர் முன் வந்து, தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றவர் விண்வெளி நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18ஆம் நாள் அதே வகை ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளை வானில் நிலைநிறுத்தியபோது, அவர் கலாமையே முன்னிறுத்தினார். ஹாக்கிமின் அவைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை வாசகர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

அடகுக் கடைக்குச் சென்ற அந்த வளையலைப் போன்ற நகைகள் நம் வீடுகளில் இன்றும் இல்லாமற் போகவில்லை. அவை பெரும்பாலும் திருமணத்திற்காகவே பெட்டியில் காத்திருக்கின்றன. பள்ளியில் கணக்கில் தேர்ந்த மகள் மேற்கொண்டு படிக்க விரும்பினால், போதும் என்று நிறுத்தும் இல்லங்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு தேர்வில் தவறிய மகனைக் கடைக் கல்லாவில் உட்கார்த்திவிட்டு, அவன் குறிப்பேட்டைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போடும் இல்லங்களும் இருக்கின்றன. வணிகம் இழிவென்று நாம் கூறவில்லை. அது நம் முன்னோரின் பெருமைக்குரிய தொழில். ஆனால் அந்தக் குறிப்பேட்டில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு முறையேனும் பார்த்தோமா?

2014ஆம் ஆண்டில், கணிதத்திற்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்மணி ஈரானில் பிறந்த மர்யம் மிர்ஸாகானி. அவர் 2017இல், தம் 40ஆம் வயதில், மறைந்தார். தலச்சேரியின் ஜானகிக்கும் தெஹ்ரானின் மர்யமுக்கும் திறந்த கதவு, பவானியிலும் ஈரோட்டிலும் கோவையிலும் உள்ள நம் பெண் மக்களுக்கும் திறக்க வேண்டும். அதைத் திறக்கும் கை அத்தாவுடையதாக இருக்கலாம், அம்மாவுடையதாக இருக்கலாம், சுஹராவைப் போன்ற ஒரு தமக்கையுடையதாகவும் இருக்கலாம்.

அடுத்த முறை மஜ்லிஸில் பவானி ஜமுக்காளம் விரிக்கப்படும்போது, அதை நெய்த ஊரின் கூடுதுறையை ஒரு கணம் நினைப்போம். இரண்டு ஆறுகள் அங்கே கண்ணுக்குத் தெரிகின்றன. மூன்றாவது, தெரியாமல் வந்து சேர்வது. அந்த மூன்றாவது ஆறு நம் வீட்டிலிருந்து புறப்படக் கூடாதா?